அப்பாவின் காலும் முகட்டு எலிகளும்

எலி கடித்ததை அப்பா அறியவேயில்லை. காலையில் தேத்தண்ணியோடு அவருடைய அறைக்குப் போன நான்தான் முதலில் கண்டேன். கட்டிலின் கால்மாட்டில் விரிப்பு நனைந்து கறுத்திருந்தது. இரவு தண்ணீர்ப் போத்தல் சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போர்வையை விலக்கினேன். இடது காலின் பெருவிரல் நுனியில் தோலும் கொஞ்சம் சதையும் இல்லை. சுற்றிவர ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அப்பா, காலில என்ன?"

"என்ன காலில?" அப்பா கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டே கேட்டார். "ஒண்டுமில்லயே."

"நோகல்லயா?"

"எங்க நோக?"

அப்பாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். பாதங்களில் உணர்வு இல்லாமல் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. முன்பு ஒருமுறை, செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி, வாசலில் பதிந்திருந்த ரத்தத்தை நான் காட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றிப் பார்த்தார். அதற்குப் பின் பாரிசவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் என்னைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருடைய உலகம் அவ்வளவுதான். அவர் பிடித்துக்கொண்டிருந்தது என்னை என்பதால் என்னுடைய உலகமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அக்கா கலியாணம் முடித்தபோது அப்பா செட்டிபாளையத்தில் அவளுக்கு ஒரு புதுவீடு கட்டிக் கொடுத்தார். கல்வீடு, மேலே தட்டையான கொங்கிறீட். இளையவளான எனக்கு இந்தப் பழைய வீட்டை எழுதித் தந்தார்கள். வீட்டோடு சேர்த்து அதற்குள் இருந்த அப்பாவையும் அம்மாவையும் தந்தார்கள் என்று அக்கா பகிடியாகச் சொல்வாள். அம்மா காலமாகிவிட்டா. என் வீட்டுக்காரர் கட்டாரில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். வேறு வேலைக்குப் போக முடியாது. அப்பா கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

வீடு வாவிக்கரையில் இருக்கிறது. பின்வளவு வேலியைத் தாண்டினால் கண்டல் செடிகளும் சேறும், அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் புளியந்தீவு டவுன். மழைக்காலத்தில் வாவி ஏறிக் கரைப் பொந்துகளுக்குள் தண்ணீர் போனதும் அங்கிருந்த எலிகளெல்லாம் மேட்டுக்கு வரும். எங்கள் வீடுதான் முதல் மேடு. வந்தால் நேரே முகட்டுக்குப் போகும். ஓட்டுக்குக் கீழே, அறைகளின் தலைக்கு மேலே, பலகை அடித்த சீலிங். ஓட்டுக்கும் பலகைக்கும் இடையில் மனிதன் கைவைக்க முடியாத ஓர் இருட்டு வீடு. கீழே நாங்கள் இருந்தோம், மேலே அவை இருந்தன.

எலிகள் எனக்குப் புதிதல்ல. சவர்க்காரத்தை இழுத்துக்கொண்டு போகும். மின்விசிறியின் வயரைக் கொறிக்கும். ஒருமுறை கலியாணப் பெண் ஒருத்தியின் கூறைச்சேலைக்குத் தைத்துத் தொங்கவிட்டிருந்த சட்டையின் கையைக் கடித்துவிட்டன. சரிகை பிடித்த இடத்தில் சின்னச் சின்ன அரைவட்டங்களாக வெட்டியிருந்தது. சட்டையை வாங்க வந்த அந்தப் பெண் என் முன்னால் நின்று அழவில்லை. அவளுடைய தாய்தான் அழுதா. நான் கூறைச்சேலையை வாங்கி, உடுத்தும்போது உள்ளே மறையும் பக்கத்தில் கொஞ்சம் துணி எடுத்து, கையை முழுதாக மாற்றித் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தைத்த எதையும் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். எலியை வெல்ல முடியாது, எலியிடமிருந்து பொருளை எடுத்து வைக்கத்தான் முடியும் என்று அப்போது நினைத்தேன். அப்பாவை அலுமாரிக்குள் வைக்க முடியாது.

அன்று அயலில் ஓர் ஆட்டோவைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காயத்தைக் கழுவிய நர்ஸ் மிஸ்ஸி, "எலியா?" என்று மெல்லக் கேட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்காத பெண் என்று நினைப்பாவோ என்று இருந்தது. ஆனால் அவ முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "சீனி வருத்தக்காரருக்கு இப்பிடி நடக்கிறதுதான். அவங்களுக்குத் தெரியிறல்ல" என்றா.

டொக்டர் இளம் வயது. ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, இந்தக் கால் லேசில ஆறாது. திரும்பக் கடிச்சா விரல் போகலாம். அதுக்குப் பிறகு கால். வேற எங்கயாவது வச்சிப் பாக்க ஏலாதா?"

"அக்காட வீடு இரிக்கி."

"அப்ப அங்க கொண்டு போங்க."

சொல்வதற்கு எவ்வளவு லேசான காரியம். ஆட்டோவில் திரும்பும்போதே அப்பாவிடம் கேட்டேன். பாலத்தின் மேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கேட்காதவர் போல வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறக்கியபோதுதான் பதில் சொன்னார்.

"நான் இந்த வீட்ட விட்டு அரக்க மாட்டன் புள்ள. எலிக்குப் பயந்து ஓடினனெண்டு இருக்கக் கூடா."

"ஓடச் சொல்லல்ல அப்பா. கால் ஆறுமட்டும்."

"அப்பவும் கொஞ்ச நாளைக்கெண்டுதானே போன."

'அப்பவும்' என்று அவர் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் ஊர் முழுக்க ஒருநாள் எழும்பி ஓடியது. நான் அப்போது கைக்குழந்தை. கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பினார்கள். வந்து பார்த்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. ஓடுகளில் பாதி இல்லை. சுவர் மட்டும் நின்றதாம். அப்பா அதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் ஓர் இரவுகூட இந்த வீட்டுக்கு வெளியே படுத்ததில்லை. அக்கா வீடு குடிபுகுந்த நாளிலும் பொழுதுபட முன்னமே பஸ் ஏறி வந்துவிட்டவர்.

ஆகவே அவரை அந்த அறைக்குள்ளேயே காப்பாற்றத் தொடங்கினேன். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து நடுவே போட்டேன். கட்டில் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிகளை வைத்தேன். அப்பாவின் இரண்டு கால்களுக்கும், சப்பாத்துக்குள் போடுகிற காலுறை, தடித்த மேசு போட்டேன். பெரிய நுளம்புவலையை வாங்கி வந்து, சுற்றிவர மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினேன். எல்லாம் முடித்து நான் தள்ளி நின்று பார்க்க, அப்பா வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"எலிக்கு வைக்கிற கூட்டுக்குள்ள என்னையே வச்சித்தாய்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எலிக்கு வைத்த கூடும் இருந்தது. சுட்ட கருவாட்டையும் தேங்காய்ச் சொட்டையும் மாறி மாறி அதில் கொளுவினேன். முதல் நாள் ஒன்று விழுந்தது. பூனைக்குட்டியளவு இருக்கும். கூட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்றும் விழவில்லை. கருவாடு மட்டும் காணாமல் போகும், கூடு திறந்தபடியே இருக்கும். அயல்வீட்டுப் பூனையை வாங்கி வந்து பாலூற்றி வைத்தேன். அது இரண்டொரு நாள் முகட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, நுளம்புவலைக்குள் எப்படியோ நுழைந்து அப்பாவின் வயிற்றில் சுருண்டு படுத்துக்கொண்டது. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எலிகளுக்கும் பிடித்திருக்க வேண்டும்.

பசை தடவிய அட்டையும் வைத்தேன். அதைப் பற்றி எழுதவே விருப்பமில்லை. நடுப்பகலில், வாடிக்கைக்காரப் பெண்ணொருத்திக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, குசினியில் குழந்தை அழுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அட்டையில் எலியொன்று ஒட்டிக்கொண்டு, கழற்ற இழுத்து இழுத்துத் தன் தோலையே உரித்துக்கொண்டிருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. அந்தப் பெண்தான் விளக்குமாற்றின் அடிக்கட்டையால் அதை அடித்து முடித்துவிட்டு, கைகழுவி வந்து, "மிச்ச அளவ எடுங்க" என்று என் முன்னால் கையை விரித்து நின்றா. அதற்குப் பிறகு அட்டை வாங்கவில்லை.

மழை விடாமல் பெய்யத் தொடங்கியது. ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். கதவு யன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். அப்பா வலைக்குள் இருந்தார், நான் வலைக்கு வெளியே மெஷினில் இருந்தேன், தலைக்கு மேலே அவை ஓடிக்கொண்டிருந்தன. பகலிலேயே ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல. பலகை இடுக்கால் தூசியும் புழுக்கையும் துணியில் விழும். மெஷினை நிறுத்தினால் அவையும் நின்று கேட்கும்; மிதித்தால் திரும்பத் தொடங்கும். கட்டாரிலிருந்து வீட்டுக்காரர் போனில் கதைத்தபோது இதைச் சொன்னேன். "நீ தனிய இருந்து இருந்து ஒரு மாதிரி ஆகித்தாய்" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. கடைக்குப் போவதென்றால்கூட அயல்வீட்டாரைக் கூப்பிட்டு இருத்திவிட்டுப் போய், பாதி சாமானை மறந்துவிட்டு ஓடிவருவேன். சந்தியைத் தாண்டி எப்போது போனேன் என்று யோசித்தால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

கடைசியில் எலி மருந்து வைத்தேன். வைக்கக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எலிகள் செத்தன. செத்தது முகட்டுக்குள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நாற்றம் இறங்கியது. எந்தப் பலகைக்கு மேலே என்று தெரியவில்லை. எல்லாப் பலகைக்கும் மேலே என்பது போல இருந்தது. வெளியே மழை, யன்னல் திறக்க முடியாது. சாம்பிராணி போட்டேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஒருநாள் மெஷின் மேசையில், வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில், சோற்றுப் பருக்கை போல ஏதோ விழுந்து நெளிந்தது. அண்ணாந்து பார்த்தேன். இன்னொன்று விழுந்தது.

அன்று நான் மெஷினை மூடிவிட்டுப் பின்வாசற்படியில் போய் உட்கார்ந்து மழையில் நனைந்தேன். உள்ளேயிருந்து அப்பா, "புள்ள, புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உடனே எழும்பிப் போகவில்லை. வாவித் தண்ணீர் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. இந்த வீடும் அப்பாவும் எலிகளும் மழையும் எல்லாம் சேர்ந்து என் மேல் மூடியைப் போட்டு அடைத்துவிட்டது போல இருந்தது. உள்ளே போனபோது அப்பா கேட்டது யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடும்படி மட்டுந்தான்.

வலையும் மேசும் போட்டும் காயம் ஆறவில்லை. திரும்பக் கடித்ததோ, முதல் கடியே போதுமாக இருந்ததோ தெரியாது. கிளினிக்கில் கட்டை அவிழ்த்தபோது விரல் கறுத்திருந்தது. அன்றே பெரியாஸ்பத்திரி வாட்டில் படுக்க வைத்தார்கள். விரலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

அப்பாவிடம் அதைச் சொன்னவள் அக்கா. செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, நனைந்த குடையோடு கட்டிலருகே நின்று, "அப்பா, விரல் ஒண்டு போனா கால் தப்பும்" என்றாள். அப்பா, "எடுக்கட்டும், எனக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல" என்றார். வீட்டைத்தான் கேட்டார். "கதவெல்லாம் பூட்டித்தானே வந்த?" பாரிசவாதத்துக்கும் வீட்டிலேயே கிடந்து சமாளித்தவர் அவர். அந்த வாட்டுக் கட்டில்தான், ஊர் திரும்பியதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வெளியே படுத்த முதல் கட்டில்.

நானும் அக்காவும் வாட்டு விறாந்தையில் நின்றோம். மழை சற்று விட்டிருந்தது.

"அந்தச் சீலிங்கக் கழட்டப் போறன்" என்றேன். அதுவரை நான் அப்படி நினைத்ததில்லை. வாயில் வந்த பிறகுதான் அதுதான் சரி என்று பட்டது.

"அப்பாட்டக் கேட்டியா?"

"கேட்டா விடுவாரா?"

"அப்ப கேளாத" என்றாள். "நான் இஞ்ச அவரோட நிக்கிறன். நீ போயித்து வேலையப் பாரு."

காத்தான்குடியிலிருந்து மரவேலை செய்யும் ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டேன். அவரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள்.

"தங்கச்சி, நல்ல பலகை. இப்பிடி இனிக் கிடைக்காது. கழட்டத்தான் வேணுமா?"

"கழட்டுங்க காக்கா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதல் பலகை பெயர்ந்ததும் கறுப்பாக ஒரு தூசி மழை கொட்டியது. இரண்டாவது பலகையோடு எலிகள். சுவர் வழியே, கதவு வழியே, ஏணி வழியே இறங்கி ஓடின. ஓடாவியின் மச்சான் கம்பால் அடித்துக்கொண்டே வாசல்வரை துரத்தினார். பிறகு விழுந்தவைதான் என்னை நிற்க வைத்தன. பந்து பந்தாகக் கூடுகள். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் நீலம், சரிகை நூல். நான் தைத்த சட்டைகளின் வெட்டுத்துண்டுகள். குப்பைக் கூடையில் போட்டவை என்று நான் நினைத்திருந்தவை எல்லாம் முகட்டில் இருந்தன. எந்தத் துண்டு யாருடைய சட்டை என்றுகூட எனக்குச் சொல்ல முடிந்தது. இது கோயில் திருவிழாவுக்கு ஆசிரியை ஒருத்தி தைத்தது. இது போன பொங்கலுக்கு. அந்தக் கூறைச்சேலைச் சட்டையின் கையும் இருந்தது. நான் வருடக்கணக்காகக் கீழேயிருந்து வெட்டிப்போட, அவை மேலே குடும்பம் நடத்தியிருக்கின்றன.

ஒரு கூட்டுக்குள் கண் திறக்காத குஞ்சுகள். ரோஜா நிறத்தில், விரல் பருமனில். ஓடாவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அதைச் சுளகில் வைத்துப் பின்வளவுக்குக் கொண்டுபோனார். காகங்கள் வரும் சத்தம் கேட்டது.

செத்தவற்றையும் எடுத்தார்கள். அவற்றை எண்ணவில்லை. எல்லாப் பலகையும் இறங்கிய பிறகு அண்ணாந்து பார்த்தால் ஓடு தெரிந்தது, ஓட்டிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, சுவரும் கூரையும் சேரும் மூலையில் பேரீச்சம்பழப் பெட்டி நுழையுமளவு பொத்தல்கள் தெரிந்தன. அவற்றின் வழியாகத்தான் பக்கத்து வெறும் வளவின் முருங்கைக் கிளையால் எலிகள் வந்திருக்கின்றன. அந்தப் பொத்தல்களைக் கம்பிவலை வைத்துச் சீமெந்தால் அடைத்தார்கள். கிளையையும் வெட்டினார்கள். நான் வீட்டை அடி முதல் முடி வரை கழுவினேன். கை எரியும் வரை கழுவினேன். களைத்துப்போய் அந்த ஈரத்தில் உட்கார்ந்தபோது, சத்தமில்லாத வீட்டை முதன்முறையாகக் கேட்டேன்.

விரலை எடுத்த பிறகு அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்தபோது அக்காவும் கூட வந்தாள். கட்டிலில் சாய்த்துவிட்டு வலையைக் கட்டினேன். அப்பா மேலே பார்த்தார்.

"சீலிங் எங்க?"

"கழட்டின அப்பா. எலிக் கூடு முழுக்க அதுக்குள்ளதான்."

"ஆர் கழட்டச் சொன்ன?"

"நான்தான்."

"இது என்ட வீடு. என்னட்டக் கேளாம..."

"எனக்கு எழுதித் தந்த வீடப்பா" என்றேன்.

அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார், மருந்து கொடுத்தால் குடித்தார், காயம் கழுவக் காலை நீட்டினார். பேச்சு மட்டும் இல்லை. முன்பு எலிகள் ஓடிய வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அது அதைவிடப் பெரிய பாரமாக இருந்தது. மெஷினை மிதிக்கும் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையே நினைத்து ஏங்கினேன், பார்க்கப் போனால் அங்கே சுற்றிவர மனிதர்கள் இருந்தார்கள்.

ஒருநாள் பின்னேரம் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா முகட்டைப் பார்த்தபடி தானாகவே சொன்னார்.

"திரும்பி வந்த நேரம் உங்கம்மா நித்திர கொள்ற இல்ல. ஓட்டில ஓட்ட. ஓட்டைக்கால வானம் தெரியும். ஹெலிகொப்டர் போனா உன்னத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போயிருவா. ஓடு மாத்தித் தந்தன், அப்பவும் கேக்கல்ல. மேல பாத்தா பயமெண்டா. அதுக்கு மறுகாத்தான் பலகை அடிச்ச. அடிச்ச அண்டைக்குத்தான் விடிய மட்டும் படுத்தவ."

அம்மா இதை எனக்குச் சொன்னதில்லை. வெயிலுக்கு அடித்த பலகை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கினேன்.

"தெரிஞ்சிருந்தாலும் கழட்டத்தான் வேணும்" என்றார் அப்பா. "எலி தின்னவா அடிச்ச." பிறகு, "ஓடெல்லாம் பழசு. அதையும் பாக்கச் சொல்லு" என்றார்.

தை பிறந்து மழை ஓய்ந்தது. ஓடு மாற்ற ஓடாவி வந்து பார்த்தார். அப்பாவைக் கட்டிலோடு வைத்துக்கொண்டு தலைக்கு மேல் ஓடு இறக்க முடியாது என்றார். நான் அப்பாவிடம் சொல்லப் பயந்து கொண்டிருக்க, அவரே, "அப்ப மூத்தவட்டப் போய் நிக்கிறன்" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் சாறன்களையும் மருந்துகளையும் அடுக்கி, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். புறப்படும்போது வாசற்கதவின் நிலையைக் கையால் ஒருமுறை தட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டு வேலை நினைத்ததைவிடக் கெதியாக முடிந்தது. முடிந்த அடுத்த நாளே பஸ் ஏறிச் செட்டிபாளையம் போனேன். அப்பா அக்காவின் வீட்டு முன்வாசலில் கதிரையில் இருந்தார். கடற்காற்று சட்டையை உப்பவைத்துக்கொண்டிருந்தது. விரல் போன காலில் அக்கா தைத்த துணிச் சப்பாத்து.

"எப்ப என்னக் கூட்டிப் போவாய்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எங்க வேல முடிஞ்ச அப்பா! பாதி ஓடும் போடல்லயாம். இன்னும் ஒரு கிழமை செல்லும்."

வேலை முடிந்தது அவளுக்குத் தெரியும். முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். நான் அவளைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நடந்தபோது கூட வந்தாள். "ஒரு கிழமை சும்மா கிட, கா" என்றாள், சின்ன வயதில் என்னைக் கூப்பிடுவது போல. "ஒண்டும் செய்யாத. நித்திர கொள்ளு. எங்கயாவது போ."

"எங்க போற?"

"எனக்கென்ன தெரியும். போவன்."

பஸ் வந்துவிட்டது. யன்னலோரம் உட்கார்ந்து, தெருவெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். எழும்பினால் அப்பா கூப்பிட்டது போல இருக்கும், எழும்பி அறைவரை போவேன், வெறும் கட்டில். அடுத்த நாள் புளியந்தீவுக்குப் போய், வாங்க ஒன்றும் இல்லாமல் கடைகளுக்குள் ஏறி இறங்கினேன். சிநேகிதி ஒருத்தி வந்தாறுமூலையில் யூனிவர்சிட்டிக் கம்பஸில் வேலை செய்கிறாள். வருடக்கணக்காக வரச்சொல்லிக் கேட்பவள். அவளிடம் போய், கன்டீனில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். அவள் பிள்ளைகளைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சொன்னாள். நான் எலிகளைப் பற்றிச் சொன்னேன். எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள், பூனை வயிற்றில் படுத்த கதைக்கு நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் யாருக்கும் ஒரு சட்டையும் தைக்கவில்லை.

கிழமை முடிந்து அப்பாவைக் கூட்டிவந்தேன். புது ஓட்டைப் பார்த்தார், மூலைகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தார், ஓடாவி வைத்த கம்பிவலையைக் கம்பால் தட்டச் சொல்லிக் கேட்டார். "பகல்ல வெக்கையா இரிக்கும்" என்றார். உண்மைதான். சித்திரையில் அந்த அறைக்குள் இருக்க முடியாமல், கட்டிலை நடு அறைக்கு மாற்றினோம். எலிகள் அடியோடு போய்விடவில்லை. குசினிப் பக்கம் ஒன்றிரண்டு வரும். கூரை வளைமரத்தில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், கம்பை எடுத்தால் போய்விடும். அப்பாவின் கட்டிலுக்கு இதுவரை வரவில்லை.

நான் இன்னும் அதே வீட்டில்தான், அதே மெஷினில்தான். அப்பா இன்னும் என்னைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். ஆனால் தன் பிள்ளைகளின் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அக்கா வந்து அவரைக் கூட்டிப் போகிறாள். போன முறை அவள் வரச் சற்றுச் சுணங்கிவிட்டது. அப்பா காலையிலிருந்தே சட்டை மாற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்ன புள்ள, உன்ட கொக்காவ இன்னும் காணல்ல" என்றார். "போன் அடிச்சிப் பாரு."

நான் அடித்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.